வால்வு ஆம்ப்ளிஃபயரும் வறண்டு போன எர்த் குழியும்

"டோன்"னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா போதும், கிட்டார் வாசிக்கிற மக்கள் விடிய விடிய சண்டை போடுவாங்க. வால்வு உசத்தியா ட்ரான்சிஸ்டர் உசத்தியா, தங்க முலாம் போட்ட ஜாக்குல சத்தம் இனிக்குமா, இந்த மாதிரி. இந்தப் பதிவு அந்தச் சண்டைக்கு இல்லை. கிட்டார் கம்பியைத் தொடுற விரலுக்கும் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கும் நடுவுல என்னென்ன இருக்குங்கிறதுதான் மேட்டர். பொறுமை இருக்கிறவங்க கூட வாங்க.

நான் பொட்டி தட்டுற வேலையில இருக்கேன். படிச்சது எலக்ட்ரானிக்ஸ். நாலு வருஷப் படிப்புல வால்வு பத்தி வந்தது ஒரே ஒரு பாரா, அதுவும் பரீட்சைக்கு வராதுன்னு வாத்தியார் தாண்டிப் போயிட்டார். வாரத்துல பாதி நாள் வீட்டுல இருந்தே ஆணி புடுங்கலாம்னு ஆனதுல இருந்து சொந்த ஊர் தாமல்லதான் அதிகம் இருக்கேன். காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜா பக்கம் போற ஹைவேயில, பாலுசெட்டி சத்திரம் தாண்டினா எங்க ஊர். பெங்களூரு பஸ்ல போறவங்களுக்கு ஜன்னல் வழியா தெரியுற பெரிய ஏரி எங்களோடதுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க பெரியப்பா ரேடியோ செட்டு வச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மார்கழி மாசத்து விடியக்காலைப் பாட்டு, திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து, எல்லாத்துக்கும் அவர் செட்டுதான். எண்பதுகள்ல ட்ரான்சிஸ்டர் செட்டு வாங்கினதும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சாக்கு சுத்தி பரண்ல போட்டுட்டார். அவர் காலமாகி வருஷமாச்சு. போன வருஷம் பரணைச் சுத்தம் பண்ணப்போ, பழைய இரும்புக்காரர் ட்ரான்ஸ்பார்மருக்குள்ள இருக்கிற செம்புக்காக எடை போட்டு எடுத்துக்கிறேன்னு சொன்னார். பெரியம்மா என்னைப் பார்த்து, "உனுக்கு வேணும்னா எடுத்துக்க, இல்லன்னா குடுத்துடறேன்"னாங்க. எடுத்துக்கிட்டேன்.

பேர் பலகை எப்பவோ விழுந்து போச்சு. 1940ல ஆரம்பிச்ச அஹுஜா கம்பெனியோட பேர்தான் நம்ம ஊர்கள்ல மைக் செட்டுக்கே பேர் மாதிரி ஆயிடுச்சு. ஆனா இது அது இல்லை, யாரோ உள்ளூர்ல கையால பூட்டினது. திறந்து பார்த்தா ரெண்டு ஈஎல்84, ரெண்டு ஈசிசி83, ரெக்டிஃபயருக்கு ஒரு ஈஇசட்81. ஒரு ஈசிசி83 மேல 'பெல்' முத்திரை இன்னும் மங்கலாத் தெரியுது. பெங்களூருல 1954ல தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸ்தான் அது. ராணுவத்துக்கு ரேடியோ செஞ்ச அதே கம்பெனி 1961ல இருந்து ரேடியோப் பெட்டிகளுக்கு வேண்டிய வால்வும் செஞ்சுது.

இந்த வால்வுகள் பேரைப் படிச்சதும் எனக்குத் தலை கிர்ர்ருனு ஆயிடுச்சு. இங்கிலாந்துல 1958ல வந்த வாக்ஸ் ஏசி15ங்கிற கிட்டார் ஆம்ப்புலயும் அவுட்புட்டுக்கு இதே மாதிரி ரெண்டு ஈஎல்84தான், பதினஞ்சு வாட். அதோட அண்ணன் ஏசி30ஐத்தான் பீட்டில்ஸ் மேடைக்கு மேடை தூக்கிட்டுப் போனாங்க. இதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. அந்தக் காலத்துல சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்யணும்னா உலகம் முழுக்க இதுதான் மலிவான, சுலபமான வால்வு. லிவர்பூல்ல அதுல கிட்டார் வாசிச்சாங்க, எங்க ஊர்ல துரியோதனன் படுகளத்துக்கு வசனம் பேசினாங்க. அவ்ளோதான் வித்தியாசம் :-)

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். கிட்டார் கத்துக்கிட்டு ஒரு வருஷம் ஆகுது. செட்டைப் பார்த்ததும், "மாமா, இதுல கிட்டார் சொருகி வாசிக்கலாமா?"ன்னான். அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆச்சு. ஏன்னு சொல்றேன்.

எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பி எல்லாம் பிரிட்ஜ் வழியா ஒரு ஒயர்ல சேரும். அந்த ஒயர் கேபிளோட வெளி வலை, அதாவது ஷீல்டு வழியா ஆம்ப்ளிஃபயரோட இரும்புச் சட்டத்துக்குப் போகும். அதாவது கம்பியைத் தொட்டா நீங்க ஆம்ப்ளிஃபயர் சட்டத்தைத் தொட்ட மாதிரிதான். சட்டம் ஒழுங்கா எர்த் ஆகியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. சட்டத்துல கரண்ட் கசிஞ்சா, வாசிக்கிறவன் ரெண்டு கையும் கரண்ட்ல இருக்கும். 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ்ல இருக்கிற ஸ்வான்சி ஊர்ல லெஸ் ஹார்வின்னு ஒரு கிட்டார் கலைஞர், எர்த் சரியா இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே இறந்து போனார். யார்ட்பேர்ட்ஸ் குழுவோட பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல வீட்டுல கிட்டார் வாசிக்கும்போது ஷாக் அடிச்சு இறந்தார். பெரிய பெரிய ஆளுங்க கதையே அப்படி. இது நம்ம வீட்டுப் புள்ளை.

எங்க செட்டுல இருந்தது ரெண்டு பின் ப்ளக்கு. எர்த்தே கிடையாது. போதாததுக்கு, மெயின்ஸ் ஒயர் ஒண்ணுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு பழைய மெழுகுக் கெபாசிட்டர். அந்தக் காலத்துல ஹம் குறையறதுக்கு அப்படிப் போடுவாங்க. அந்தக் கெபாசிட்டர் செத்து ஷார்ட் ஆச்சுன்னா சட்டம் முழுக்க 230 வோல்ட்.

காஞ்சிபுரத்துல ஒரு ரேடியோ மெக்கானிக் தாத்தா இருக்கார். எழுபதைத் தாண்டினவர். கடையில இப்ப மிக்ஸியும் ஹோம் தியேட்டரும்தான் வருது. செட்டைக் கொண்டுபோய் வச்சதும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ட்ரான்ஸ்பார்மர் எரியல தம்பி. எரிஞ்சிருந்தா வாசனை போகாது"ன்னார். அறுபது வாட் குண்டு பல்பை சீரிஸ்ல மாட்டிய ஒரு போர்டை எடுத்தார். பழைய செட்டை நேரா கரண்ட்ல சொருகக் கூடாது. பல்பு வழியா குடுத்தா, உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், செட்டு பிழைக்கும். ஷார்ட் இல்லைன்னா பல்பு ஒரு தடவை மின்னிட்டு மங்கிடும். எங்களோடது மங்கிச்சு. தாத்தா சிரிச்சார்.

எர்த் பத்திக் கேட்டேன். "அந்தக் காலத்துல யாரு தம்பி எர்த் குடுத்தாங்க? கூத்து மேடைக்குப் பின்னாடி கடப்பாரையை அடிச்சு, ஒரு குடம் தண்ணி ஊத்தி, அதுல ஒயரைச் சுத்துவோம். ஹம்மு அடங்கிடும்"னார். அவங்க சத்தத்துக்காகப் பண்ணினது, உயிருக்கும் காவலா இருந்திருக்கு. விடியறதுக்குள்ள தண்ணி காய்ஞ்சா என்ன ஆகும்னு நான் கேட்கலை. அவர் கையில இருக்கிற தழும்பைப் பார்த்தேன், போதும்னு விட்டுட்டேன்.

பழசை அப்படியே வச்சுக்கணும், ஒரு ஸ்க்ரூ கூட மாத்தக் கூடாதுன்னு ஒரு கோஷ்டி இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ட்ரான்ஸ்பார்மரும் வால்வும் சட்டமும் பெரியப்பாவோடது, அது அப்படியே இருக்கட்டும். கெபாசிட்டர் காய்கறி மாதிரி, கெட்டுப் போகத்தான் செய்யும். மாத்தினது இவ்வளவுதான்.

ஒண்ணு, மூணு பின் ப்ளக்கு. பச்சை ஒயர் தனி போல்ட் போட்டு நேரா சட்டத்துல. மெயின்ஸ்ல இருந்து சட்டத்துக்குப் போன அந்தக் கெபாசிட்டரை வெட்டித் தூக்கிப் போட்டாச்சு. ஃப்யூஸ் ஃபேஸ் ஒயர்ல வர்ற மாதிரி மாத்தியாச்சு.

ரெண்டு, ஃபில்டர் கெபாசிட்டர். இது எலக்ட்ரோலைட்டிக் ரகம், பதினஞ்சு இருபது வருஷம் தாங்கினாலே பெரிசு. பெருசாப் போட்டா ஹம் இன்னும் குறையும்னு ஆசை வரும். ஈஇசட்81 மாதிரி வால்வு ரெக்டிஃபயருக்கு முதல் கெபாசிட்டர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல போகக் கூடாது. மேல போனா சூடாகிற ஒவ்வொரு தடவையும் ரெக்டிஃபயர் அடி வாங்கும். நாங்க போட்டது 47.

மூணு, கப்ளிங் கெபாசிட்டர். பழைய மெழுகுக் காகித ரகம் வயசானா டிசியைக் கசிய விடும். அந்த டிசி ஈஎல்84ஓட கிரிட்டுக்குப் போனா வால்வு கட்டுப்பாடு இல்லாம கரண்ட் இழுத்து, உள்ளே இருக்கிற ப்ளேட் செவசெவன்னு ஆயிடும். கிரிட்டுல மீட்டரை வச்சா பூஜ்யம் காட்டணும். எங்களோடதுல நாலு வோல்ட் காட்டிச்சு. நாலையும் மாத்தியாச்சு.

அப்புறம் வால்வு எவ்ளோ உழைக்குதுன்னு கணக்குப் பார்த்தோம். ரெண்டு ஈஎல்84க்கும் பொதுவா கேதோடுல 150 ஓம் ரெசிஸ்டர். அதுல 10.5 வோல்ட். வகுத்தா 70 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 35. ப்ளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவுல 290 வோல்ட். பெருக்கினா வால்வுக்குப் பத்து வாட் சொச்சம். ஈஎல்84 தாங்குறது 12. பாதுகாப்பாத்தான் ஓடுது. தாத்தா இந்தக் கணக்கெல்லாம் போடலை. லைட்டை அணைச்சுட்டு ப்ளேட் நிறத்தைப் பார்த்தார், ரெண்டு நிமிஷம். "சரியா கீது"ன்னார். ரெண்டு பேர் விடையும் ஒண்ணுதான் :-)

இதுல முக்கியமான ஒண்ணு. செட்டை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்ல 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். திறக்கிறதுக்கு முன்னாடி 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் க்ளிப்ல பிடிச்சு, கெபாசிட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு பத்து செகண்ட் வைக்கணும். அப்புறம் மீட்டர்ல பூஜ்யம்னு பார்த்துட்டுத்தான் கையை உள்ளே விடணும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு டப்புனு ஷார்ட் பண்றது வீரம் இல்லை. அளக்கும்போது இடது கை பாக்கெட்ல. தாத்தா ஐம்பது வருஷமா அப்படித்தான். கரண்ட் ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கினா வழியில நெஞ்சு இருக்கு.

இன்னொண்ணு, ஸ்பீக்கர் மாட்டாம வால்வு செட்டுல சத்தம் வைக்கக் கூடாது. சுமை இல்லாத அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் எகிறி சுருளோட இன்சுலேஷன் கிழிஞ்சுடும். மைக் செட்டுப் பின்னாடி 4, 8, 16 ஓம், 100 வோல்ட் லைன்னு முனைகள் இருக்கும். குழாய் ஸ்பீக்கர் பெரியப்பா காலத்துல 16ல மாட்டினது. நாங்க வச்ச பன்னெண்டு அங்குல ஸ்பீக்கர் 8 ஓம், அதனால 8ல. இந்த ஸ்பீக்கர் இணைப்புக்குக் கிட்டார் கேபிள் போடக் கூடாது. அதோட நடுக்கம்பி முடி மாதிரி இருக்கும். எப்ப அறுந்தாலும் ட்ரான்ஸ்பார்மர் காலி. வீட்டு ஒயரிங்குக்குப் போடுற 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரே தாராளம்.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா, உர்ர்ர்ருனு ஹம். தாத்தா கடையில இல்லாத ஹம். ஹம்முக்கு ஒரு வைத்தியம் சொல்றேன், கிட்டார்காரங்களுக்கு மட்டும் முடியுற வைத்தியம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெபாசிட்டர் கெட்டா வர்ற ஹம் 100 ஹெர்ட்ஸ், ஏன்னா ரெக்டிஃபயர் ரெண்டு பக்க அலையையும் ஒரே பக்கம் திருப்பிடும். எர்த், ஷீல்டு, ஹீட்டர் ஒயர் பிரச்சினைன்னா பெரும்பாலும் 50. கிட்டார்ல ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டை மீட்டுங்க. அது 98 ஹெர்ட்ஸ். ஹம்மும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணாக் கேட்டா ஃபில்டர். ஹம் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே கேட்டா எர்த் பக்கம் தேடுங்க.

எங்களுக்குக் கீழே கேட்டுச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சாக்கெட்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு வச்சுப் பார்த்தார். மினுக்குனு எரிஞ்சுது. முழுசா எரியணும். கிணத்தடியில இருக்கிற எர்த் குழி, மே மாச வெயில்ல பொட்டுத் தண்ணி இல்லாம காய்ஞ்சு கிடந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதைச்ச குழாய்தான், ஆனா ஈரம் இல்லாத மண்ணு கரண்டை வாங்காது. திரும்பத் தோண்டி, புதுக் குழாய், புதுக் கரி, உப்பு. இப்ப வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துறது அக்கா பையன் டியூட்டி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணும் போட்டாச்சு. மெயின்ஸ் கரண்ட் ஆள் வழியா பூமிக்கு இறங்கினா அது உடனே கட் பண்ணும். ஆனா ட்ரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் செட்டுக்குள்ள இருக்கிற 300 வோல்ட்டுக்கு அது காவல் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இவ்வளவும் சரியா இருந்து, கேபிள்ல ஷீல்டு அறுந்தா மறுபடி ஹம். அதான் கேபிளுக்கு வர்றேன். கிட்டார் பிக்அப் பல ஆயிரம் சுத்து ஒயர் சுத்தின சுருள். கேபிள் ஒரு சின்ன கெபாசிட்டர். சாதாரண கேபிள்ல மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் அளவுல இருக்கும். சுருளும் கெபாசிட்டரும் சேர்ந்தா ஒரு குறிப்பிட்ட சுருதி தூக்கலாக் கேட்கும், அதுக்கு மேல இருக்கிறது மங்கிடும். 2.5 ஹென்றி சிங்கிள் காயில் பிக்அப்னு வச்சுக்கிட்டு, கிட்டாருக்குள்ள ஒரு நூறு பிகோஃபாரட் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் கேபிள்ல அந்த உச்சம் 5 கிலோ ஹெர்ட்ஸ். 6 மீட்டர்ல 3.8. 10 மீட்டர்ல 3. கேபிள் நீள நீள சத்தம் மந்தமாகுறதுக்குக் காரணம் இதுதான், தங்க முலாம் இல்லாததுனால இல்லை. மந்தம் கெட்டதும் இல்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்ட கேபிள்லதான் வாசிச்சார், அது ட்ரெபிளை நல்லாத் தின்னும்.

அதனால கேபிள் வாங்கும்போது நான் பார்க்கிறது மூணு. தேவைக்கு மேல நீளம் வேண்டாம், வீட்டுக்கு 3 மீட்டர் போதும். ஷீல்டு நெருக்கமாப் பின்னின செம்பு வலையா இருக்கணும். ஜாக்கைக் கழட்டிப் பார்க்க முடியணும், மூடி உருக்கி ஒட்டின ஜாக்கு அறுந்தா குப்பைக்குத்தான். நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல ஒயரும், தனியா ஜாக்கும் வாங்கி நானே ஈயம் பத்தவச்சேன். நல்ல கேபிள்ல ஷீல்டுக்கு அடியில கறுப்பா ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். கேபிள் அசையும்போது கரகரன்னு சத்தம் வராம இருக்க அது. அது கரண்டைக் கடத்தும். பத்தவைக்கிற இடத்துல அதை உரிச்சுப் பின்னாடி தள்ளலைன்னா நடுக்கம்பியில பட்டு சத்தம் செத்துடும். கடைசியில மீட்டர்ல ரெண்டு முனையும் பார்த்துட்டு, கேபிளை ஆட்டி ஆட்டி இன்னொரு தடவை பார்க்கணும். முழங்கையில முறுக்கிச் சுத்தி வைக்காதீங்க, வலை உள்ளுக்குள்ளேயே அறும்.

வால்வுக்கு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா பக்கம் இன்னும் புதுசா செய்றாங்க. 2022 மார்ச்சுல ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தினப்போ உலகம் முழுக்க கிட்டார்காரங்க பதறிப் போய் வாங்கிக் குவிச்சாங்க. ஈஎல்84 ரெண்டு உபரியா வாங்கி வச்சிருக்கேன். வால்வு திரும்ப வரும். கெபாசிட்டரும் வரும். ப்ளேட் நிறத்தைப் பார்த்தே "சரியா கீது"ன்னு சொல்ற கண்ணுதான் வராது. தாத்தாவுக்கு ஒரு கண்ல புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணுக்கு நாள் குறிச்சிருக்கு. கடையைப் பையன் செல்போன் கடையா மாத்தப் போறானாம். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நோட்டும் மீட்டரும் எடுத்துட்டுப் போறேன். அவர் சொல்றதை எழுதிக்கிறேன், எங்க எவ்வளவு வோல்ட் இருக்கணும்னு ஒவ்வொண்ணா. போன வாரம் அக்கா பையனையும் கூட்டிட்டுப் போனேன். தாத்தா அவன்கிட்ட முதல்ல சொன்னது, "இடது கை பாக்கெட்ல". பய உடனே விட்டுக்கிட்டான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு பரண்ல இருக்கிற பழைய செட்டை நேரா ப்ளக்குல சொருகிடாதீங்க சாமி. முதல்ல தெரிஞ்ச மெக்கானிக்கைப் பாருங்க. அப்படியே உங்க வீட்டு எர்த் குழிக்கும் ஒரு குடம் தண்ணி.